வாசனை தெரியுமா என்று கேட்ட டாக்டர்

எனக்குப் பிறந்ததிலிருந்தே வாசனை தெரியாது. மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் மூக்குக்கு ஒன்றுதான். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் நாக்கில் தெரியும். ஆனால் அடுப்பில் பால் தீய்ந்து தெருவுக்கே வாடை போனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் இதை ஒரு நோயாக நினைக்கவில்லை. "அவன் மாமா மாதிரி, அவருக்கும் மோப்பம் கிடையாது" என்று அம்மா சொல்வார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எனக்கு இருபத்திரண்டு வயதாகியும் மீசை முளைக்கவில்லை, மகரக்கட்டு உடையவில்லை. மூக்குக்கும் மீசைக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்? ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதற்குக் கால்மன் சிண்ட்ரோம் என்று பெயர். பின்லாந்தில் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, இது ஆண்களில் சுமார் 30,000 பேருக்கு ஒருவருக்கு வருகிறது. பெண்களுக்கும் வரும், அது இன்னும் அரிது.

இதைத் தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதினேழு, பதினெட்டு வயதில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடும் பையன்களுக்குத் தமிழில் பெரும்பாலும் கிடைப்பது லேகிய விளம்பரம்தான். அவர்களுக்காகவும் அவர்களுடைய அம்மாக்களுக்காகவும் இது.

முதலில் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே உள்ள மிகச் சில செல்கள், ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அது பக்கத்தில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும். பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் கலக்கும். இவை விதைகளுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரக்கும், விந்தின் உயிரணு உண்டாகும். கால்மன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்த முதல் ஹார்மோனே வருவதில்லை, அல்லது போதவில்லை. வயல் நல்ல வயல்தான். மேலே மடை திறக்கவில்லை. என் டாக்டர் இதை விளக்கிய அன்றுதான், என் உடம்பு கெட்டுப்போன உடம்பு இல்லை என்ற எண்ணம் எனக்கு முதன்முதலாக வந்தது.

சரி, மூக்கு எங்கே வந்தது?

ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் செல்கள் மூளையில் பிறப்பதில்லை. கரு சில வாரமே ஆனதாக இருக்கும்போது, மூக்கு உருவாகப்போகும் இடத்தில் அவை பிறக்கின்றன. அங்கிருந்து மோப்ப நரம்புகளைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துபோய் மூளைக்குள் நுழைந்து, ஹைப்போதலாமஸில் குடியேறுகின்றன. எலிக் கருக்களில் இந்தப் பயணத்தை 1989-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில், கால்மன் சிண்ட்ரோம் இருந்த ஒரு மனிதக் கருவையும் ஆராய்ந்தார்கள். அந்தச் செல்கள் மூளைக்குள் போகாமல், மூக்குக்கும் மூளைக்கும் நடுவிலேயே நின்றுபோயிருந்தன. மோப்ப நரம்பு போய்ச் சேரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய செல்களும் போய்ச் சேரவில்லை. எனக்கு வாசனை தெரியாததும் மீசை முளைக்காததும் நான் பிறப்பதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டன. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. துக்கத்தில் இல்லை. காரணம் தெரிந்துவிட்டதே என்ற நிம்மதி.

இந்தச் சேர்க்கையை முதலில் கவனித்தவர் ஸ்பெயின் நாட்டு உடற்கூறியலாளர் மாயேஸ்த்ரே தெ சான் ஹுவான். 1856-இல் ஒரு பிரேதப் பரிசோதனையில், மூளையில் வாசனையை வாங்கிக்கொள்ளும் மோப்பக் குமிழ்கள் இல்லாததையும் பிறப்புறுப்பு வளராததையும் ஒரே உடம்பில் கண்டு எழுதிவைத்தார். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஃபிரான்ஸ் கால்மன், 1944-இல் மூன்று குடும்பங்களை ஆராய்ந்து இது பரம்பரையாக வருவது என்று காட்டினார். பெயர் அவருடையதாக நின்றுவிட்டது. 1991-இல் எக்ஸ் குரோமோசோமில் இதற்கான முதல் மரபணு கிடைத்தது. அதன் பிறகு பல டஜன் மரபணுக்கள் கிடைத்துவிட்டன. இருந்தும் நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குத்தான் காரணமான மரபணுவைச் சுட்டிக்காட்ட முடிகிறது.

என் உடம்பு சின்ன வயதிலிருந்தே தடயங்களைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. பிறந்தபோது ஒரு பக்க விதை இறங்கவில்லை. நான்கு வயதில் அறுவை சிகிச்சை செய்து இறக்கி வைத்தார்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் நஞ்சுக்கொடி சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனே ஆண் குழந்தையின் விதைகளை இயக்குகிறது. அதனால் உறுப்புகள் ஆண் உறுப்புகளாகவே உருவாகிவிடும். ஆனால் கடைசி மாதங்களில் குழந்தையின் சொந்த பிட்யூட்டரி அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அது நடக்காது. விதை இறங்காமல் இருப்பதும், ஆணுறுப்பு மிகச் சிறியதாக இருப்பதும் அதனால்தான்.

அப்புறம் என் கைகள். வலது கையால் எழுதும்போது இடது கை விரல்களும் தானாக அசையும். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறேன், சேட்டை செய்கிறேன் என்று. பத்தாம் வகுப்பில் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தபோது, எனக்கு ஒரே ஒரு சிறுநீரகம்தான் என்று தெரிந்தது. "பரவாயில்லை, ஒன்றே போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டுமே எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் கால்மன் சிண்ட்ரோமில் அடிக்கடி காணப்படுபவை. அறுவை மருத்துவர் விதையைப் பார்த்தார், ஸ்கேன் டாக்டர் சிறுநீரகத்தைப் பார்த்தார், வாத்தியார் விரலைப் பார்த்தார். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க யாரும் இல்லை. இதில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கோபம் இருக்கிறது. பதினாறு வயதில் அம்மா என்னை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "சில பசங்க லேட்டா வளருவாங்கம்மா, பதினெட்டு வரைக்கும் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாக்கியம் பொய் இல்லை. தாமதமாகப் பருவம் அடையும் பையன்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தானாக வளர்ந்துவிடுவார்கள். அந்த வயதில் ரத்தப் பரிசோதனை செய்தாலும் அவர்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் எல்.எச். குறைவாகவே இருக்கும், ரத்தத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம். அதனால்தான் மற்ற கேள்விகள் முக்கியமாகின்றன. வாசனை தெரிகிறதா? பிறந்தபோது விதைகள் இறங்கியிருந்தனவா? சிறுநீரகம், காது, அண்ணம், பல் இவற்றில் ஏதாவது குறை உண்டா? குடும்பத்தில் வாசனை தெரியாதவர், குழந்தை இல்லாதவர் யாராவது உண்டா? இவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் போதும், காசு எதுவும் ஆகாது. கேட்டுவிட்டு, அளந்துவிட்டு, அதன் பிறகு காத்திருக்கச் சொன்னால் அது மருத்துவம். எதுவும் கேட்காமல் காத்திருக்கச் சொன்னதால் என் வாழ்க்கையில் ஆறு வருடம் போனது. அந்த ஆறு வருடம் கல்லூரிக் காலம். விடுதிக் குளியலறை, தொலைபேசியில் "சொல்லுங்க மேடம்" என்று ஆரம்பிப்பவர்கள், பேருந்தில் "தம்பி எத்தனாவது படிக்கிற?" என்று கேட்பவர்கள். இதற்கு மேல் விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அதற்கு நடுவில் ஒரு சொந்தக்காரர் என்னை லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் அழைத்துப்போனார். நாடி பார்த்து, கைப்பழக்கத்தால் வந்தது என்று சொல்லி, லேகியம் கொடுத்தார். பருவமே அடையாத ஒரு பையனிடம் இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை! நோய் ஏற்கெனவே கொடுத்த வெட்கத்தின் மேல் குற்ற உணர்ச்சியையும் ஏற்றி வைக்கிறார்கள். சுவர்களில் இந்த விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

கடைசியில் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். எண்டோகிரைனாலஜி என்று பலகையில் போட்டிருப்பார்கள். சர்க்கரை நோய்க்கும் தைராய்டுக்கும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அதனால் எங்கள் ஊர்ப் பக்கம் பலருக்கு, பருவம் வராத பையனையும் அவர்களிடம்தான் காட்ட வேண்டும் என்று தெரிவதில்லை. அந்த அம்மையார் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்ட இரண்டாவது கேள்வி, "தம்பி, உங்களுக்கு வாசனை தெரியுமா?"

அம்மா எனக்கு முன்னால் பதில் சொன்னார். "தைலம் தேய்ச்சா தெரியும்னு சொல்வான் டாக்டர்." டாக்டர் தலையை ஆட்டினார். தைலத்தின் எரிச்சல், கற்பூரத்தின் குளிர்ச்சி, அம்மோனியாவின் நெடி எல்லாம் வேறொரு நரம்பு வழியாகப் போகின்றன. அதற்கு மோப்ப நரம்பு வேண்டியதில்லை. அதனால்தான் நிறையப் பிள்ளைகள் தங்களுக்கு வாசனை தெரியும் என்றே நினைத்துக்கொண்டு வளர்கிறார்கள். கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூளையும் சோப்பையும் கிராம்பையும் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுவந்தார். எனக்கு எதுவும் தெரியவில்லை.

பிறகு நின்றபடியே உயரத்தையும், கைகளை விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரையும் அளந்தார். என் கை விரிப்பு உயரத்தைவிட நன்றாகவே அதிகம். பருவ ஹார்மோன் வராவிட்டால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடாது. கையும் காலும் நீண்டுகொண்டே போகும். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு கயிற்றில் கோத்த மணிமாலையை எடுத்தார். 1 மில்லி லிட்டரில் ஆரம்பித்து 25 வரை முட்டை வடிவ மணிகள். சூரிச் நகரத்து மருத்துவர் ஆந்த்ரேயா பிராடர் 1966-இல் வெளியிட்ட அளவுகோல் அது. விதையை ஒரு கையால் தொட்டுப் பார்த்து, எந்த மணியோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 4 மில்லி வந்துவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பதினான்கு வயதிலும் 4 வரவில்லை என்றால் தாமதம். எனக்கு இருபத்திரண்டு வயதில் 2. இன்னொரு விஷயமும் சொன்னார். அந்தரங்க ரோமம் கொஞ்சம் இருப்பதைப் பார்த்துப் பருவம் ஆரம்பித்துவிட்டது என்று ஏமாந்துவிடக் கூடாது. அது அட்ரினல் சுரப்பியின் வேலையாக இருக்கலாம்.

ரத்தம் காலையில் வெறும் வயிற்றில் எடுத்தார்கள், டெஸ்டோஸ்டிரோன் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும் என்பதால். அளவு மிகக் குறைவு. எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் குறைவு. இந்தச் சேர்க்கைதான் முக்கியம். கோளாறு விதையிலேயே இருந்தால் பிட்யூட்டரி இன்னும் பலமாகத் தட்டும், இரண்டும் உயர்ந்திருக்கும். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோமில் அப்படித்தான். எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி ஒழுங்காக இருந்தது, கட்டி எதுவும் இல்லை. மோப்பக் குமிழ்கள் இருக்க வேண்டிய இடம் இரண்டு பக்கமும் காலி. எலும்பு அடர்த்தியும் வயதுக்குக் குறைவு.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி அந்த மாதமே ஆரம்பித்தது. முதலில் குறைந்த அளவு, பிறகு படிப்படியாக முழு அளவு. குரல் மாறியது, தோள் அகன்றது, மீசை வந்தது. காலையில் எழும்போதே உடம்பில் ஒரு தெம்பு இருந்தது. மற்றவர்கள் எல்லாம் இத்தனை நாள் இப்படித்தான் எழுந்தார்களா என்று ஆச்சரியப்பட்டேன். இருபத்து மூன்று வயதில் பதின்மூன்று வயதுப் பையனின் மனக்கொந்தளிப்பு வந்ததும் உண்மை. அதைப் பற்றி யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசிக்கு மாறிவிட்டேன். ரத்தம் கெட்டியாகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு இது ஆயுள் முழுக்க. சிகிச்சையில் இருப்பவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு உடம்பு தானாகவே விழித்துக்கொள்கிறது. அதனால் டாக்டர் சொல்லும்போது ஊசியை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. எனக்கு விழிக்கவில்லை.

டெஸ்டோஸ்டிரோன் ஆளை ஆணாக வளர்க்கும், ஆனால் உயிரணுவை உண்டாக்காது. இதைத் தெரியாமல் பல தம்பதிகள் வருடக்கணக்கில் அந்த ஊசியையே போட்டுக்கொண்டு குழந்தைக்குக் காத்திருக்கிறார்கள். குழந்தை வேண்டும் என்றால் அதை நிறுத்திவிட்டு, பிட்யூட்டரி செய்ய வேண்டிய வேலையை வெளியிலிருந்து செய்ய வேண்டும். எல்.எச். வேலைக்கு எச்.சி.ஜி. ஊசி, அதோடு எஃப்.எஸ்.எச். ஊசி. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடம்கூட.

இந்த மருந்துகளின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எச்.சி.ஜி. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து வந்தது. எஃப்.எஸ்.எச். இத்தாலியில் பியெரோ தொனினி என்ற வேதியியலாளர் மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தது. அதைப் பெருமளவில் தயாரிக்க வேண்டி வந்தபோது, கன்னியர் மடங்களில் இருந்த வயதான கன்னியாஸ்திரிகளின் சிறுநீரைச் சேகரித்தார்கள். இப்போது ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்தே தயாரித்துவிடுகிறார்கள்.

ஜி.என்.ஆர்.எச்.-ஐயே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கீமன், ஷாலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனி ஆய்வுக்கூடங்களில் லட்சக்கணக்கான ஆடு, பன்றி மூளைகளை அரைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். 1977-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதை இடைவிடாமல் ஏற்றினால் பிட்யூட்டரி படுத்துவிடுகிறது. எர்ன்ஸ்ட் நோபில் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1978-இல் குரங்குகளில் இதைக் காட்டினார்கள்: மணிக்கு ஒரு தடவை கொடுத்தால் எல்.எச். ஏறுகிறது, தொடர்ந்து கொடுத்தால் இறங்கிவிடுகிறது. உடம்புக்கு அந்த விட்டு விட்டு வரும் தாளம் வேண்டும். 1982-இல் பாஸ்டனில் ஹாஃப்மன், கிரவுலி என்ற ஆய்வாளர்கள் இடுப்பில் மாட்டும் சிறு பம்ப் மூலம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டாக மருந்து கொடுத்து, கால்மன் போன்ற நோயுள்ள ஆண்களைப் பருவம் அடைய வைத்தார்கள். அந்த பம்ப் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. எனக்கு ஊசிதான்.

கல்யாணப் பேச்சு வந்தபோது பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் செய்வது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவர் யோசிக்க நேரம் கேட்டார், பிறகு என்னோடு வந்து டாக்டரிடம் அரை மணி நேரம் தனியாகப் பேசினார். கல்யாணத்துக்குப் பிறகு ஊசி ஆரம்பித்தோம். குளிர்சாதனப் பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் என் மருந்து. ஊருக்குப் போனால் ஐஸ் டப்பா. சின்ன வயதில் விதை இறங்காதவர்களுக்குப் பலன் குறைவாக இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து உயிரணு தென்பட்டது, மிகக் குறைவாக. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் உயிரணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் ஒரு கரு நின்றது. மகள் பிறந்தாள்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், மீசை இல்லாதவர், சன்னமான குரல். சாமியார் மாதிரி என்று மரியாதையாகச் சொன்னவர்களும் உண்டு; முதுகுக்குப் பின்னால் வேறு சொன்னவர்கள்தான் அதிகம். ஐம்பத்தைந்து வயதில் குளியலறையில் லேசாக வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. ஆயுள் முழுக்க ஹார்மோன் இல்லாத எலும்பு அது. என் ரிப்போர்ட் கையில் இருந்ததால், அவரையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போனோம். அந்த வயதிலும் ஊசி உண்டு, எலும்புக்காக. அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் திரும்பி வரும் வழியில் காரில் ஒன்று கேட்டார்: "இது வியாதின்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, ஊசி இருந்திருக்குமாப்பா?" இருந்திருக்கும். டெஸ்டோஸ்டிரோனைச் செயற்கையாகத் தயாரித்தது 1935-இல்; மாமா பிறந்தது அதற்கு அப்புறம். நான் அவரிடம் ஆமாம் என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் இது எக்ஸ் குரோமோசோமில் வருகிறது என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியானது. அம்மா கடத்துபவர், அதாவது நோய் இல்லாமல் அந்த மரபணுவைச் சுமப்பவர். என் மகளும் கடத்துபவள், அவளுக்கு நோய் இல்லை. என் தங்கையும் பரிசோதித்துக்கொண்டாள், அவளும் கடத்துபவள். அவளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அவளுக்குப் பையன் பிறந்தபோது நாங்கள் தயாராக இருந்தோம். ஆண் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களில் தொடங்கி ஆறு மாதம் வரை, ஹார்மோன்கள் ஒரு முறை ஏறி இறங்கும். மினி பியூபெர்ட்டி என்று டாக்டர்கள் சொல்வார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் பார்த்தால் ரத்தத்திலேயே விடை கிடைத்துவிடும். விட்டுவிட்டால் பதின்பருவம் வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது மாதத்தில் பார்த்தார்கள். எல்.எச். ஏறவில்லை, டெஸ்டோஸ்டிரோன் இல்லை. மரபணுவும் அதையே சொன்னது. மாதம் ஒன்றாகச் சிறிய அளவில் சில டெஸ்டோஸ்டிரோன் ஊசிகள் போட்டு ஆணுறுப்பை வளரச் செய்தார்கள். இறங்காத விதையை ஒரு வயதுக்குள் இறக்கி வைத்தார்கள். சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்தே அவனுக்கும் பருவம் வரும்படி சிகிச்சை தொடங்குவார்கள். முதலில் எஃப்.எஸ்.எச். கொடுத்து விதையை வளர்ப்பதா என்று அப்போது முடிவு செய்வார்கள்.

இப்போது அவனுக்கு ஐந்து வயது. கேஸ் கசிந்தால் கூவும் கருவி ஒன்றைத் தங்கை வீட்டில் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். வாசனை தெரியாதவர் இருக்கும் எந்த வீட்டிலும் அது அவசியம். அவனிடம் இதையெல்லாம் எப்போது சொல்வது என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. பத்து வயதாகட்டும் என்கிறாள் தங்கை. பிஞ்சு மனசு, வெளியே போய்ச் சொல்லிவிடுவான், பிள்ளைகள் கேலி செய்யும் என்பது அவள் பயம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் எனக்கு மட்டும் வாசனை தெரியவில்லை என்று அவன் கேட்கும் அன்றைக்கே மூக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், மற்றது வயது ஏற ஏற. போன வாரம்கூட இதைப் பற்றிப் பேசினோம். டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது அவரையே கேட்கலாம் என்று இருக்கிறோம்.